நொராலெஸ் பாட்டின் கடைசி அடி

கடற்கரை ஊரான டாங்க்ரிகாவின் கோர்ட்டில் பசிலியா லாம்பி வாய் திறந்தால் அது அவள் பேச்சாக இருக்காது. திருடன் பேச்சாக இருக்கும், போலீஸ்காரர் பேச்சாக இருக்கும், புருஷன் வேண்டாம் என்று வந்து நிற்பவளின் பேச்சாக இருக்கும். ஊர் மொழியான கரிஃபுனாவில் கேட்டதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் கேட்டதைக் கரிஃபுனாவிலும் சொல்வதுதான் அவள் வேலை. இருபத்தேழு வருஷமாக அதே கூண்டின் பக்கத்தில், அதே கால் ஆடும் நாற்காலியில்.

கரிஃபுனாவில் ஆண் 'நான்' என்பதற்கு ஒரு சொல், பெண் 'நான்' என்பதற்கு வேறொரு சொல். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தாடி வைத்த மாஜிஸ்ட்ரேட் சொன்ன 'நானை' பழக்கதோஷத்தில் பெண் சொல்லும் 'நானாக' அவள் சொல்லிவிட்டாள். பின் பெஞ்சில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஐயா எப்பலேர்ந்து பாவாடை கட்ட ஆரம்பிச்சாரு?" என்று ஒரு மீன்பிடிக்காரர் கேட்டார். மாஜிஸ்ட்ரேட் அவள் பக்கம் திரும்பி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவள் எழுந்து நின்று அதையும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நல்ல வேளை, மாஜிஸ்ட்ரேட்டுக்கும் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து ஊரில் அவளுக்குக் 'கோர்ட்டம்மா' என்று பேர். அந்தப் பேரில் பாதி கேலி, பாதி மரியாதை. எது எவ்வளவு என்பது சொல்கிற ஆளைப் பொறுத்தது.

எலிஹியோ நொராலெஸ் வழக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. எலிஹியோ படகுக்காரன். வலை விஷயமாக ஹாப்கின்ஸ் ஊர்க்காரன் ஒருவனோடு கரையில் சண்டை வந்து, துடுப்பால் அடித்துவிட்டான். அடிபட்டவனுக்குத் தாடை போயிற்று. ஆங்கிலம் தெரிந்தவன்தான் எலிஹியோ. ஆனாலும் என் மொழியில்தான் சொல்வேன் என்று கூண்டில் நின்றான். சொன்னான்: "அவன் கத்தியை எடுத்தான். நான் துடுப்பால அடிச்சேன். அவன் விழுந்தான். விழுந்தப்புறமும் ஒரு அடி அடிச்சேன்."

அவனுடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கோர்ட்டில் பாதிப் பேருக்கு அவன் சொன்னது புரிந்துவிட்டது. ஆனால் எழுதுகிற மாஜிஸ்ட்ரேட்டுக்குப் புரியவில்லை. அத்தனை பேரும் பசிலியாவைப் பார்த்தார்கள். கடைசி வாக்கியத்தை அவள் விழுங்கியிருந்தால் யாரும் எழுந்து ஆட்சேபித்திருக்க மாட்டார்கள்.

அவள் சொன்னாள். விழுந்த பிறகும் ஓர் அடி. எலிஹியோவுக்கு இரண்டு வருஷம்.

கோர்ட் படியில் அவன் அக்கா தொமாசா நின்றுகொண்டிருந்தாள். ஆற்று முகத்தில் மீன் விற்கிறவள், தோள் அகலமானவள். பசிலியாவை விட ஆறு வயது மூத்தவள்.

"ஒரு வார்த்தை, பசிலியா. ஒரே ஒரு வார்த்தைய முழுங்கியிருந்தா உன் தொண்டை அடைச்சிருக்குமா?"

பசிலியா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் தொமாசா அவளுக்கு மீன் விற்கவில்லை. பசிலியா அந்தப் பக்கம் வந்தால் தட்டின் மேல் துணியை இழுத்து மூடிவிடுவாள். பசிலியாவின் புருஷன் ரொசெண்டோ போனால் கொடுப்பாள். எல்லோருக்கும் செதில் சீவிக் கொடுக்கிறவள், அவனுக்கு மட்டும் சீவாமல் கொடுப்பாள். "கோர்ட்டம்மாவுக்குத்தான் எல்லாத்தையும் முழுசா வச்சுக்கப் பிடிக்குமே" என்பாள். ரொசெண்டோ பஸ் டிரைவர், சண்டைக்குப் போகாத மனுஷன். மீனைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டுவிட்டு, "உன் தீர்ப்பு வந்திருக்கு, செதிலோட" என்பான்.

நாவல் எழுதுகிற யோசனை அவளுக்கு ஒரு நவம்பர் பத்தொன்பதாம் தேதி வந்தது.

அன்று கரிஃபுனா பேசும் நம் ஆட்கள் முதன்முதலாக இந்தக் கரைக்கு வந்து இறங்கிய நாள். வருஷா வருஷம் காலையில் படகுகளில் வாழை இலையும் மரவள்ளிக் குச்சியும் ஏற்றிக்கொண்டு, பழைய உடுப்பு உடுத்தி, கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்து இறங்கிக் காட்டுவார்கள். பசிலியா எட்டு வருஷமாக முதல் படகில் உட்காருகிறவள். அந்த வருஷம் கரையில் பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டே போனார்கள். தூறல் விழுந்தது. படகு ஆற்று முகத்தில் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டு நின்றது. அவளுக்கு இடுப்பு வலித்தது. ஒலிபெருக்கியில் 'நமது தாய்மார்கள், நமது தாய்மார்கள்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்குத் திடீரென்று தோன்றியது: அன்றைக்கு இந்தப் படகில் உட்கார்ந்திருந்தவளுக்கும் இடுப்பு வலித்திருக்குமே, பக்கத்தில் இருந்தவளிடம் அவள் என்ன சொல்லியிருப்பாள்? அதற்கும் முப்பத்தைந்து வருஷம் முன்னால், சொந்தத் தீவான யுருமெய்னிலிருந்து வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போய்ப் பாலிசோ தீவில் போட்டபோது அவள் அம்மா என்ன சொல்லியிருப்பாள்?

கோர்ட் விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். முதல் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கரையில் நிற்க வைத்தாள். அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று தெரியவில்லை. அங்கேயே நின்றுவிட்டது.

அப்புறம்தான் கேட்க ஆரம்பித்தாள். தலைநகரத்து ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதிக் அவர்களை ஏற்றிப்போன கப்பல்களின் காகித நகல் வாங்கினாள். அதில் ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, பிள்ளைகள் இத்தனை என்று இருந்தது. பேர் ஒன்றுகூட இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போட்டன.

"எங்க கோர்ட்டுல ஆட்டைத் திருடினவனக்கூட மூணு தடவ பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்றாள் ரொசெண்டோவிடம். "இவங்க ஒரு தடவ கேக்கல பாரு."

"கேட்டிருந்தாலும் அவங்களுக்கு எழுத வந்திருக்காது" என்றான் அவன். "உன் பேரையே லாம்பின்னு எழுதச் சொன்னா லாம்ப்னு எழுதுறாங்க, விளக்கு வாங்க வந்த மாதிரி."

சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனாள். துருவிய மரவள்ளியைப் பிழிகிற பெண்களிடம், பழைய நாளில் பிழிந்த நீரை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். வலை பின்னுகிறவர்களிடம் நூல் எதில் திரிப்பார்கள் என்று கேட்டாள். அவள் தெருவில் வந்தாலே, "கோர்ட்டம்மா வர்றா, எல்லாரும் வாய மூடுங்க" என்று யாராவது கத்துவார்கள். "எங்க மேல என்ன கேஸு?" என்று இன்னொருவர் கேட்பார். "இருநூறு வருஷத்துக் கேஸு" என்பாள் அவள். பிறகு உட்காரச் சொல்வார்கள், தேங்காய்ப்பால் மீன்குழம்பும் இடித்த வாழைக்காயும் வரும், பேச்சும் வரும்.

மூன்று வருஷத்தில் ஆறு அத்தியாயம் ஆயிற்று. ஏழாவது பாலிசோ. அங்கே அவளுக்குக் கை ஓடவில்லை. தண்ணீர் இல்லாத அந்தத் தீவில் பாதிக்கு மேல் செத்துப்போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதே ஒரு வரியைத்தான் சொன்னார்கள். பெண்கள் மரவள்ளி ரொட்டியை உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோய் இனத்தைக் காப்பாற்றினார்கள் என்றார்கள். யார், எப்படி என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள். பசிலியாவுக்கு அது ஒத்திகை பார்த்து வந்த சாட்சி பேசுவது போல இருந்தது.

ஆனால் நொராலெஸ் வீட்டுப் பெண்களிடம் பாலிசோவைப் பற்றி ஒரு பாட்டு உண்டு என்று அவளுக்குத் தெரியும். பெண்கள் விரல் கோத்து வரிசையாக நின்று, மத்தளம் இல்லாமல் பாடுகிற அபைமஹானி. சின்ன வயதில் ஒரு சாவு வீட்டில் நாலு வரி காதில் விழுந்தது. நம்மிடையே பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. வீட்டுக்காரர் கேட்காமல் யாரும் எடுத்துப் பாடுவதில்லை, எழுதுவதும் இல்லை. அந்தப் பாட்டு இப்போது தொமாசாவுடையது.

ஒரு மாதம் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம் கோர்ட் உடுப்போடே போனாள்.

தொமாசா முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையைத் துடைக்கவில்லை.

"யாருக்குச் சம்மன்?"

"சம்மன் இல்லக்கா. கேக்க வந்தேன்."

"கேளு. நீ கேக்குறவதானே."

பசிலியா சொன்னாள். நாவல், கப்பல், பேரில்லாத காகிதம், ஏழாம் அத்தியாயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்டாள். தொமாசா மீனைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"என் தம்பிய உள்ள அனுப்பிட்டு, என் வீட்டுப் பாட்டையும் உன் புஸ்தகத்துக்குள்ள அனுப்பணுமா?"

"ஆமா" என்றாள் பசிலியா. வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முற்றத்தின் மறுபக்கம் ஒருவன் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். எலிஹியோ. தலை நரைத்திருந்தது. எழுந்து உள்ளே போனான், ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தான், பசிலியாவின் பின்னால் வைத்தான். "எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே பேசுவீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி இன்ஜினிடம் போய்விட்டான்.

தொமாசா தம்பியின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவன் என்கிட்ட அன்னைக்கே சொன்னான்" என்றாள். "'பேசினது நான், அவ அத அப்படியே எடுத்துச் சொன்னா, அவ்வளவுதான்'னு. எனக்குத்தான் ஆறல." மீன் தட்டைத் தூக்கிக் கூரை மேல் வைத்தாள். "பேப்பரையும் பேனாவையும் பைக்குள்ள போடு. எழுதிக்கிட்டுப் போற பாட்டு இல்ல இது. வரிசையில வந்து நில்லு. என் மதினி வருவா, சித்தி மக வருவா. உடம்புல ஏறட்டும். அப்புறம் பாக்கலாம்."

ஏழு புதன்கிழமை. நான்கு பெண்கள் சுண்டுவிரல் கோத்து நிற்பார்கள், முன்னால் சாய்வார்கள், கை ஏறி இறங்கும். முதல் நாள் பசிலியாவின் கை எப்போதும் ஒரு கணம் பிந்தியது. "கோர்ட்டுல சாட்சி சொல்லி முடிச்சப்புறம் பேசிப் பேசிப் பழகிட்டா, பாட்டும் முடிஞ்சப்புறந்தான் கை தூக்குறா" என்றாள் மதினிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். பசிலியாவும் சிரித்தாள். நாலாவது வாரம் கை பிந்தவில்லை.

ஏழாவது வாரம், பாட்டு முடிகிற இடத்தில் யாரும் விரலை விடவில்லை. தொமாசா சொன்னாள்: "இன்னும் மூணு வரி இருக்கு. வெளி ஆள் இருந்தா நாங்க பாடுறதில்ல."

பாடினார்கள்.

*அவள் கை சில்லிட்டது, ரொட்டி அவள் மடியில்.*
*எடுத்தேன், நான்தான் எடுத்தேன்.*
*என் மகள் தின்றாள், என் மகள் கப்பல் ஏறினாள்.*

இன்ஜின் சத்தம்கூட அப்போது நின்றிருந்தது.

"இந்த ரொட்டி, எல்லாரும் சொல்ற மாதிரி உடுப்புக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தது இல்ல" என்றாள் தொமாசா. "செத்துப்போனவ மடியிலேர்ந்து எடுத்தது. அந்த மகளோட வம்சத்துல வந்தவங்கதான் நாங்க. இத எழுதுவியா?"

"இந்த மூணு வரி இல்லாம எழுத மாட்டேன்."

"தெரியும்" என்றாள் தொமாசா. "அதுக்காகத்தான் உனக்குக் குடுக்குறேன். வேற எவளாவது கேட்டிருந்தா, அழகா இருக்காதுன்னு கடைசிய வெட்டிட்டுப் போயிருப்பா. என் தம்பி சொன்னத ஒரு எழுத்து குறைக்காதவ நீ. அதுக்கு உன்னைப் பதினோரு வருஷம் திட்டினேன். திட்டினதத் திருப்பி எடுத்துக்கல, அது பாட்டுக்கு இருக்கட்டும். பாட்டை எடுத்துட்டுப் போ."

அன்று பசிலியா வீட்டுக்கு நடந்த நடையை ரொசெண்டோ பல பேரிடம் சொல்லியிருக்கிறான். "ஏதோ மாஜிஸ்ட்ரேட்டாவே ஆக்கிட்டாங்க போலன்னு நினைச்சேன்" என்பான். ஏழாம் அத்தியாயம் பதினெட்டு நாளில் முடிந்தது. கதை ஆங்கிலத்தில், பேச்சும் பாட்டும் கரிஃபுனாவில், கீழே மொழிபெயர்ப்பு. அமெரிக்காவில் வளர்கிற நம் பிள்ளைகள் படிக்க வேண்டுமே.

விழாக் கமிட்டித் தலைவர் ஃபெர்மின் கஸிமிரோ இதைக் கேள்விப்பட்டு, அந்த வருஷ விழா வாரத்தில் நகர மண்டபத்தில் வாசிக்க அழைத்தார். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், நல்ல மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. முன்கூட்டிப் படித்துப் பார்க்கக் கேட்டார். கொடுத்தாள். வாசிக்கிற அன்று காலையில் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மிஸ் பசிலியா, ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. அந்தக் கடைசி மூணு வரி மட்டும் வேண்டாமே."

"ஏன் சார்?"

"உலகம் நம்மள மனுஷக்கறி தின்னவங்கன்னு முந்நூறு வருஷம் எழுதி வச்சிருக்கு. நாமளே நம்ம தாயைப் பொணத்துக்கிட்டேர்ந்து திருடினவன்னு எழுதணுமா? மண்டபத்துல பிள்ளைங்க இருப்பாங்க. மந்திரி வர்றார்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பசிலியா அதை மதித்தாள். அதனால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அவளை யாரும் திருடின்னு சொல்லல சார். எடுத்தேன்னு அவளே சொல்லியிருக்கா. சொன்னது மட்டுமில்ல, தன் பிள்ளைங்க மறக்காம இருக்கப் பாட்டாக் கட்டி வச்சிருக்கா. அவ்வளவு தைரியமா ஒருத்தி சாட்சி சொல்லியிருக்கும்போது, நான் யாரு அதைத் திருத்த?"

"அப்போ நாலாம் அத்தியாயம் வாசிங்க. அறுவடைப் பாட்டு இருக்கே, அது."

"ஏழாம் அத்தியாயம்தான் வாசிப்பேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பதினோரு மணி வெயிலில் தகரக் கூரை படபடத்தது. கஸிமிரோ மைக்கில் நாலாம் அத்தியாயம் என்றே அறிவித்தார். பசிலியா வந்து நின்றாள், கட்டம்போட்ட புது உடுப்பும் தலைத்துணியும். "தலைவர் நாலுன்னு சொன்னார். நான் ஏழு வாசிக்கிறேன். காலையிலயே அவர்கிட்ட சொல்லியாச்சு" என்றாள். பின்னால் யாரோ செருமினார்கள்.

இருபத்தேழு வருஷம் மற்றவர்கள் வார்த்தையைச் சொன்ன குரல் அது, நடுக்கம் தெரியாத குரல். அவள் வாசிக்க வாசிக்க, மணலைத் தோண்டிய கையில் உப்புநீர் ஊறியது, காய்ச்சல் வந்தது, ஒரு பெண் கிடந்தாள், இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். பசிலியா மூன்று வரியையும் கரிஃபுனாவில் சொன்னாள், ஆங்கிலத்தில் சொன்னாள், தாளைக் கீழே வைத்தாள்.

யாரும் கை தட்டவில்லை. மந்திரி கஸிமிரோவைப் பார்த்தார். கஸிமிரோ தன் முழங்காலைப் பார்த்தார். முன் வரிசையில் ஒரு கிழவர், "நம்ம பொம்பளைங்க அப்படிச் செய்யல" என்று உரக்கச் சொன்னார்.

மூன்றாம் வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. தொமாசா எழுந்து நின்றாள்.

"செஞ்சாங்க, பாஸ்குவால் மாமா. எங்க வீட்டுல செஞ்சாங்க. செஞ்சதாலதான் நான் இங்க நிக்குறேன். நீங்க வாங்கித் திங்குற மீனைப் பிடிக்கிறவனும் இருக்கான்." பிறகு சுற்றிப் பார்த்தாள். "அந்த அம்மா வெக்கப்பட்டிருந்தா பாட்டாக் கட்டியிருக்க மாட்டா. எனக்கும் வெக்கமில்ல. அவ பேர் எனக்குத் தெரியாது, ஆனா அவ என் தாய்."

மேடைக்கு நடந்தாள். மதினியும் சித்தி மகளும் பின்னாலேயே எழுந்தார்கள். பசிலியாவின் சுண்டுவிரலைத் தொமாசா பிடித்தாள். நாலு பேரும் சாய்ந்து பாட ஆரம்பித்தார்கள். இரண்டாம் முறை பாட்டு சுற்றி வந்தபோது கீழே பத்துப் பதினைந்து பெண்கள் விரல் கோத்து நின்றிருந்தார்கள். வார்த்தை தெரியாதவர்கள் இழுவையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கடைசி மூன்று வரி வரும்போது அதுவும் தெரிந்துவிட்டது. எலிஹியோ கதவருகே நின்று பாடாமல் வாயசைத்தான். அது பெண்கள் பாட்டு, ஆண் பாடுவதில்லை.

முடிந்ததும் கஸிமிரோ மைக்கிடம் வந்தார். "நாப்பது வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியிருக்கேன்" என்றார். "இன்னைக்கு உக்காந்து கேட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். அதற்குத்தான் கை தட்டல் எழுந்தது, தகரக் கூரை அதிர.

புத்தகம் மறு வருஷம் வந்தது. அட்டையில் பசிலியா லாம்பி என்று சரியாகவே அச்சடித்திருந்தார்கள். ஏழாம் அத்தியாயத் தலைப்பின் கீழே, பாட்டு தொமாசா நொராலெஸின் வீட்டுடையது, அவர் அனுமதியோடு என்று இருந்தது. தொமாசா அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மீன் கடையில் மாட்டினாள். வாங்க வருகிறவர்கள் முதலில் அதைப் படித்தாக வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தானே படித்துக் காட்டினாள்.

பசிலியா இன்னும் கோர்ட்டுக்குப் போகிறாள். போன மாதம் இடைவேளையில் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சீன் பைட் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்து எதிரில் நின்றாள். கையில் பிளாஸ்டிக் பையில் நாலு மரவள்ளி ரொட்டி.

"நீங்கதானே அந்தப் புஸ்தகம் எழுதினவங்க? எங்க வீட்டுலயும் ஒரு பாட்டு இருக்கு. பாலிசோவுக்கு அப்புறம் ரொவாத்தான் தீவுல இறங்கினதப் பத்தி. அதுவும் நல்ல பேர் வாங்கித் தர்ற பாட்டு இல்ல."

"உக்காருங்க" என்றாள் பசிலியா, பக்கத்தில் கைக்குட்டையை விரித்து. "ரெண்டு மணிக்கு ஒரு சாட்சி இருக்கு. அதுவரைக்கும் பாடுங்க, கேக்குறேன்."